கழிப்பறைக்கு அஞ்சும் பிள்ளைகள்

ஆசிரியர் அவர்களுக்கு,

மேலூர் பக்கத்துப் பள்ளி ஒன்றில் பல ஆண்டுகள் பாடம் நடத்தியவள் நான். என் வகுப்பில் ஒரு பையன் இருந்தான். நடையிலும் பேச்சிலும் நளினம் கூடியவன். பங்குனி வெயிலில்கூடத் தண்ணீர் பாட்டிலைத் திறக்கமாட்டான். குடித்தால் கழிப்பறைக்குப் போகவேண்டும். போனால் மற்ற பையன்கள் சூழ்ந்துகொண்டு சீண்டுவார்கள். கணக்கில் கெட்டிக்காரனான அவன் பத்தாம் வகுப்போடு நின்றுவிட்டான். இதை எண்ணினால் இன்றும் நெஞ்சு பொறுக்கவில்லை.

ஒருவரையொருவர் நேசித்து, வீட்டாரின் எதிர்ப்பால் மதுரையை விட்டுச் சென்னைக்குப் போன இரு பெண்களின் வழக்கில், சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் 2021 ஜூன் 7 அன்று விரிவான உத்தரவு பிறப்பித்தார். பாலினப் பாகுபாடற்ற கழிப்பறை, இப்பிள்ளைகளைப் புரிந்துகொள்ளும் மனநல ஆலோசகர், பெற்றோர் ஆசிரியர் கழகம் வழியாகப் பெற்றோருக்கு விளக்கம், திருநர் மாணவர்கள் சான்றிதழில் பெயரையும் பாலினத்தையும் மாற்றிக்கொள்ள வசதி என்று பள்ளிகள் செய்யவேண்டியவை அதில் தெளிவாகவே உள்ளன. நம் ஊர்ப் பெண்களால் கிடைத்த தீர்ப்பு இது. இதை நடைமுறைப்படுத்துவதில் மதுரை மாவட்டம் முந்திக்கொள்ளவேண்டாமா?

கழிப்பறை கட்ட நிதி வரட்டும் என்று காத்திருக்கலாம். கேலியைத் தடுக்க நிதி எதற்கு? இடைவேளையில் கழிப்பறைப் பக்கம் ஓர் ஆசிரியர் நின்றாலே பாதித் தொல்லை தீரும். பள்ளிக் கல்வித்துறையின் 14417 உதவி எண்ணில் புகார் சொல்லலாம் என்பதை ஒவ்வொரு வகுப்பிலும் அறிவிக்கவேண்டும். “ஆம்பளைப் பிள்ளையாக நட” என்று அதட்டும் ஆசிரியர்களுக்கும் கல்வித்துறை பயிற்சி அளிக்கவேண்டும்.

ஓய்வுபெற்ற ஆசிரியை,
மேலூர், மதுரை மாவட்டம்