எடைக்குப் போகும் நாவல்கள்: பொது நூலக இயக்குநருக்கு ஒரு திறந்த மடல்

பெருமதிப்பிற்குரிய தமிழ்நாடு பொது நூலக இயக்குநர் அவர்களுக்கு,

வணக்கம்.

சில ஆண்டுகளுக்கு முன் மாவட்டத் தலைநகர் ஒன்றின் நூலகத்துக்குச் சென்று, குற்றக் கதை எழுத்தாளர் ராஜேஷ்குமார் எழுதி 1980களில் வெளிவந்த மாத நாவல்களைப் பார்க்க வேண்டும் என்று கேட்டேன். என்னிடம் இருந்த பிரதி ஒன்றில் கடைசித் தாள் கிழிந்துபோயிருந்தது. அதன் முழுப் பிரதி அங்கே கிடைக்கும் என்ற நம்பிக்கையில்தான் போயிருந்தேன். பணியில் இருந்த நூலகர் என்னை உட்காரவைத்து மிகுந்த பொறுமையோடு பதில் சொன்னார்: “அதெல்லாம் புக் கணக்குல வராது சார், பீரியாடிகல். பழசு சேர்ந்ததும் ஏலத்துல எடைக்குப் போயிடும்.” அவர்மீது குறை சொல்ல எனக்கு எதுவும் இல்லை. தமக்கு வகுத்துக் கொடுக்கப்பட்ட நடைமுறையை அவர் பின்பற்றினார். அந்த நடைமுறையைப் பற்றித்தான் இந்த மடல்.

கே. ஆர். ராஜகோபால் என்ற இயற்பெயர் கொண்ட ராஜேஷ்குமார், 1947ஆம் ஆண்டு கோயம்புத்தூரில் பிறந்தவர். 1960களின் இறுதியில் மாலை முரசில் வெளியான சிறுகதையோடு தொடங்கிய அவருடைய எழுத்து, 1980இல் மாலைமதியில் வெளிவந்த நாவலுக்குப் பிறகு வேறொரு வேகம் எடுத்தது. பத்திரிகை உலகம் முழுவதும் சென்னையில் குவிந்திருந்த காலத்தில், அவர் கோயம்புத்தூரில் இருந்தபடியே எழுதி அனுப்பினார். 1500க்கும் மேற்பட்ட நாவல்கள், ஏறத்தாழ 2000 சிறுகதைகள் என்று அவருடைய எழுத்தின் அளவைச் சொல்வது வழக்கம். 1980இலிருந்து 45 ஆண்டுகள் என்று கொண்டால் 540 மாதங்கள். 1500ஐ அதனால் வகுத்துப் பார்த்தால் மாதத்துக்கு ஏறக்குறைய மூன்று நாவல்கள் வருகின்றன. பேருந்து நிலையக் கடைகளில் கயிற்றில் கிளிப் மாட்டித் தொங்கவிடப்பட்ட இதழ்களில் ஒரே மாதத்தில் மூன்று நான்கு அட்டைகளில் அவருடைய பெயர் இருந்ததைப் பார்த்த என் தலைமுறையினருக்கு இந்தக் கணக்கு வியப்பளிக்காது. வியப்பளிப்பது, அந்த 1500 நாவல்களின் பெயர்களையாவது வெளியான மாதத்தோடும் இதழின் பெயரோடும் வரிசைப்படுத்திய பட்டியலை நான் தேடிய எந்த நூலகத்திலும் காண முடியவில்லை என்பதுதான். எல்லோரும் எண்ணிக்கையைச் சொல்கிறோம். எண்ணியவர் யாரும் இல்லை.

இந்த நிலைக்குக் காரணம் அலட்சியம் என்று ஒரே சொல்லில் முடித்துவிட நான் விரும்பவில்லை. மாத நாவல் என்ற பொருளே இரண்டு கூண்டுகளுக்கு நடுவில் பிறந்தது. உள்ளே இருப்பது முழு நாவல். ஆனால் வெளியிலிருந்து பார்த்தால் அதற்குப் பதிவு எண்ணும் மாதமும் இதழ் எண்ணும் ஆண்டுச் சந்தாவும் உண்டு. மாலைமதி, ராணிமுத்து, ஜி. அசோகன் நடத்திய பாக்கெட் நாவல், க்ரைம் நாவல் ஆகியவை எல்லாம் இதழ்களாகவே கடைக்கு வந்தன. ஆகவே நூலக அட்டவணையில் அவை இதழின் பெயரால் இடம்பெறுமே தவிர, நாவலின் பெயராலோ ஆசிரியரின் பெயராலோ இடம்பெறுவதில்லை. அடுத்த மாத இதழ் வந்தவுடன் முந்தைய மாத நாவல் “பழைய இதழ்” ஆகிவிடுகிறது. பழைய இதழுக்கு நூலகத்தில் நேரும் கதி அதற்கும் நேர்கிறது. வாரப் பத்திரிகையின் சினிமாச் செய்தி பழசாகும் என்பது உண்மைதான். கொலைக்கான காரணம் எப்படிப் பழசாகும் என்று எனக்கு விளங்கவில்லை.

இப்போது என் மேசை மீது இருக்கும் பிரதியைத் தங்களுக்குக் காட்ட விரும்புகிறேன். மொத்தம் 96 பக்கங்கள். முதுகில் அடித்த இரண்டு பின்களும் துருப்பிடித்து, அந்தத் துரு நடுப்பக்கங்களில் காப்பி சிந்தியது போலப் பரவியிருக்கிறது. செய்தித்தாள் அச்சிடும் மலிவான காகிதம் என்பதால், மரக்கூழில் நீக்கப்படாமல் தங்கிய லிக்னின் வெளிச்சமும் காற்றும் பட்டுப் பழுத்து, ஓரங்களிலிருந்து உள்நோக்கிப் பழுப்பேறியிருக்கிறது. மூலையை மடித்தால் அப்பளம் போல ஒடிகிறது. முதல் பக்கத்தில் ஒரு வாடகை நூலகத்தின் ஊதா நிற ரப்பர் முத்திரை. 17ஆம் பக்கத்தின் அடியில் பேனாவால் போட்ட சிறு முக்கோணம், அதன் பக்கத்தில் ஒரு சுழி, ஒரு பெருக்கல் குறி. தலைப்புகள் ஒன்றுபோலவே ஒலிப்பதால், தாம் ஏற்கெனவே படித்துவிட்ட கதையை மீண்டும் எடுத்துச் சென்று ஏமாறாமல் இருக்க, வாசகர்கள் ஆளுக்கு ஒரு பக்கத்தில் ஆளுக்கு ஒரு குறி இட்டு வைத்தார்கள். என் பெரியம்மாவின் குறி நட்சத்திரம். எட்டாம் வகுப்போடு பள்ளியை விட்ட அவர், கண் மங்கும் வரை மாதம் பத்து நாவல்களுக்குக் குறையாமல் படித்தார். கடைசித் தாள் எப்போதும் முதலில் போய்விடும். இந்தப் பிரதியிலும் 94ஆம் பக்கத்தோடு கதை நின்றுவிடுகிறது. கொலையாளி யார் என்பது எனக்கு இன்றுவரை தெரியாது.

இவை எல்லாம் சிறந்த இலக்கியம் என்று வாதாட நான் வரவில்லை. மாதத்துக்கு மூன்று நாவல் எழுதும் ஒருவரின் கையில் எல்லாமே ஒரே தரத்தில் அமையாது. அவசரத்தில் முடிந்த கதைகள் உண்டு, இறுதி இரண்டு பக்கங்களில் அவருடைய துப்பறிவாளர் விவேக் வந்து எல்லாவற்றையும் வாய்மொழியாக விளக்கிவிட்டுப் போகிற கதைகளும் உண்டு. ஆயினும் அவர் பழக்கப்படுத்திய கட்டமைப்பு ஒன்றை யாராவது அக்கறையோடு ஆராய வேண்டும். ஓர் அத்தியாயத்தில் ஒரு கதை; அடுத்த அத்தியாயத்தில் வேறு ஊர், வேறு மனிதர்கள், முதற்கதையோடு எந்தத் தொடர்பும் இல்லாத இன்னொரு குற்றம்; இப்படி மாறி மாறி ஓடும் இரண்டு தண்டவாளங்களும் முடிவில் ஏதோ ஒரு புள்ளியில் சந்திக்கும். அந்தச் சந்திப்பு சில வேளைகளில் அசாத்தியமாகவும் சில வேளைகளில் வலிந்து இழுத்ததாகவும் இருக்கும். ஆனால் ஒவ்வொரு அத்தியாயமும் முடியும்போது வாசகரை அந்தரத்தில் விட்டுவிட்டு, அந்தத் தவிப்போடேயே அடுத்த கதையைக் கேட்க வைக்கும் அந்த உத்தியை இவ்வளவு நீண்ட காலம் கையாண்டவர்கள் தமிழில் வேறு எவரும் இருப்பதாக நான் கருதவில்லை. இந்தக் கட்டமைப்பு எப்போது தொடங்கியது, எந்த ஆண்டுகளில் மெருகேறியது, எப்போது வெறும் பழக்கமாகத் தேய்ந்தது என்பதை அறிய வேண்டுமானால், நாவல்களைக் கால வரிசையில் அடுக்கிப் பார்க்க வேண்டும். அடுக்குவதற்கு நாவல்கள் வேண்டும்.

இன்னொரு பயனும் உண்டு. குற்றக் கதை எழுதுகிறவருக்கு அன்றாடத்தின் நுணுக்கம் கட்டாயமாகத் தேவைப்படுகிறது. தொலைபேசியும் தந்தியும் பேருந்து நேரமும் இல்லாமல் சாட்சியம் அமையாது. வெளியூருக்கு டிரங்க் கால் பதிவு செய்துவிட்டுக் காத்திருப்பது, எஸ்.டி.டி. பூத்திலிருந்து குரலை மாற்றிப் பேசுவது, பேஜர், கைப்பேசி, மரபணுச் சோதனை என்று கதை மாந்தரின் கையில் இருக்கும் கருவிகள் மாறுவதை வைத்தே ஒரு கதை எந்த ஆண்டுகளைச் சேர்ந்தது என்று சொல்லிவிடலாம். சக குற்றக் கதை எழுத்தாளர்களான பட்டுக்கோட்டை பிரபாகரின் பரத்தும் சுசீலாவும், சுபாவின் நரேந்திரனும் வைஜெயந்தியும் உலவிய உலகத்துக்கும் இது பொருந்தும். நான் ராஜேஷ்குமாரை முன்னிறுத்துவதற்குக் காரணம், அளவில் அவரே பெரியவர் என்பதால் இழப்பும் அவரிடத்தில்தான் பெரிது என்பதே.

தமிழில் துப்பறியும் கதை ஒரு நூற்றாண்டுக்கு முன்பே வேரூன்றிவிட்டது. ஜே. ஆர். ரங்கராஜு, ஆரணி குப்புசாமி முதலியார், வடுவூர் துரைசாமி ஐயங்கார் ஆகியோரின் நாவல்களையும் அந்நாளைய பெரியவர்கள் பொழுதுபோக்குக் குப்பை என்றே ஒதுக்கினார்கள். ஆயினும் அக்காலத்துப் பதிப்புகள் பலவற்றை நாம் இன்று பார்க்க முடிகிறது என்றால், அதற்குத் தனி மனிதர்களின் பிடிவாதமே பெரிதும் காரணம். கோட்டையூரில் பெயர்ப்பலகை ஓவியராக இருந்த ரோஜா முத்தையா, உயர்ந்தது தாழ்ந்தது என்று பாராமல் அச்சான எல்லாவற்றையும் சேர்த்தார். அவர் மறைவுக்குப் பின் சிகாகோ பல்கலைக்கழகத்தின் முயற்சியால் 1994இல் சென்னையில் அது ஆராய்ச்சி நூலகமாயிற்று. ஒவ்வொரு தலைமுறைக்கும் ஒரு ரோஜா முத்தையா கிடைப்பார் என்று அரசு எதிர்பார்த்திருக்கக் கூடாது.

பிற நாடுகளில் இந்தப் பணியைப் பொது நிறுவனங்களே செய்கின்றன. குற்றப் புனைவுகளுக்கென்றே பாரிஸ் நகரத்தில் ஒரு நகராட்சி நூலகம் இயங்குகிறது. தம் பெயரில் ஏறத்தாழ 200 நாவல்களும், இளமையில் புனைபெயர்களில் அதற்குக் கிட்டத்தட்ட இணையான எண்ணிக்கையில் மலிவு விலைக் கதைகளும் எழுதிய பெல்ஜியக் குற்றக் கதை எழுத்தாளர் ஜார்ஜ் சிமெனோன், 1976இல் தம் இலக்கிய ஆவணங்களைத் தாம் பிறந்த லீஜ் நகரத்துப் பல்கலைக்கழகத்துக்கு வழங்கினார். கதையை எழுதத் தொடங்கும் முன் பாத்திரங்களின் பெயர், வயது, முகவரி ஆகியவற்றை அவர் குறித்துவைத்த பழுப்பு உறைகள்கூட அங்கே காக்கப்படுகின்றன. நம் எழுத்தாளரின் அச்சான நாவலே நம்மிடம் இல்லை. கையெழுத்துப் படிகளைப் பற்றிப் பேச எனக்குக் கூச்சமாக இருக்கிறது.

சட்டம் தங்கள் பக்கமே இருக்கிறது. 1954ஆம் ஆண்டின் நூல் வழங்கல் சட்டமும் அதனுடன் இதழ்களைச் சேர்த்த 1956ஆம் ஆண்டின் திருத்தமும், நாட்டின் நான்கு வைப்பு நூலகங்களுக்குப் பதிப்பாளர் தம் செலவில் தலா ஒரு பிரதி அனுப்ப வேண்டும் என்கின்றன. அந்த நான்கில் ஒன்று தங்கள் பொறுப்பில் உள்ள சென்னைக் கன்னிமாரா நூலகம். மாத நாவலை நூல் என்று கொண்டாலும் இதழ் என்று கொண்டாலும் ஒரு பிரதி அங்கே வந்து சேர்ந்திருக்க வேண்டும். (தவறினால் 50 ரூபாய் வரை அபராதமும் நூலின் விலையும் என்று இருப்பதால் எவரும் அஞ்சியிருக்க மாட்டார்கள் என்பது வேறு விஷயம்.) வந்து சேர்ந்தவை எவை, சேராதவை எவை என்று முதலில் கணக்கெடுக்க வேண்டும். எழுத்தாளர் வாழும்போதே மின்னுருவாக்கம் செய்வது பதிப்புரிமைக்கு எதிரானது என்ற தயக்கமும் தேவையில்லை. நூலகத்தின் கைவசம் அச்சுப் பிரதி இருக்குமானால், பாதுகாப்பதற்காக அதை மின்வடிவில் சேமித்து வைக்க, வணிக நோக்கமற்ற பொது நூலகங்களுக்குப் பதிப்புரிமைச் சட்டத்தில் 2012இல் செய்த திருத்தம் இடம் கொடுக்கிறது. எல்லோரும் பதிவிறக்கிக்கொள்ளும்படி திறந்துவிடச் சொல்லவில்லை. அது எழுத்தாளரின் வயிற்றில் அடிப்பதாகும். காகிதம் உதிர்வதற்குள் படமெடுத்து வைக்கத்தான் கேட்கிறேன்.

ஆகவே, மாத நாவல்களைப் “பழைய இதழ்கள்” என்ற வகையிலிருந்து நீக்கி, அவற்றை ஏலத்தில் விடக் கூடாது என்று எல்லா நூலகங்களுக்கும் ஒரு சுற்றறிக்கை அனுப்புமாறு வேண்டுகிறேன். இதற்குச் செலவே இல்லை, நாளைக்கே செய்யலாம். அடுத்ததாக, நாவலின் பெயர், ஆசிரியர், இதழ், மாதம், ஆண்டு ஆகிய ஐந்து விவரங்களோடு ஒரு பட்டியல் தொடங்கப்பட வேண்டும். தனி இதழாக வந்த கதைகள் பின்னாளில் இரண்டு மூன்றாகச் சேர்ந்து தொகுப்புகளாகவும் வருவதால், எது முதற்பதிப்பு என்று பிரித்தறிய எழுத்தாளரின் நினைவும் அவர் கைவசம் உள்ள பிரதிகளும் துணை செய்யும். 1947இல் பிறந்தவர் என்பதை மேலே குறிப்பிட்டேன். இந்தப் பணியைத் தள்ளிப்போடக் கூடாது என்பதற்கு அதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. தொகுப்பை வைக்க இடம் எது என்றால், 2024 நவம்பரில் கோயம்புத்தூரில் அடிக்கல் நாட்டப்பட்ட பெரியார் நூலகத்தை விடப் பொருத்தமான இடம் எனக்குத் தோன்றவில்லை. அந்த ஊரின் தெருக்களில்தான் அவருடைய கதைகளில் எத்தனையோ பேர் துரத்தப்பட்டார்கள்.

பணம் பற்றிய கேள்வி வரும் என்று அறிவேன். சொத்து வரியில் ரூபாய்க்குப் பத்துப் பைசா வீதம் நூலக வரி செலுத்துகிறவர்களில், வாழ்நாளில் மாத நாவலைத் தவிர வேறு நூல் எதையும் விலை கொடுத்து வாங்காதவர்கள் ஏராளம். அவர்கள் படித்ததற்கும் நூலகத்தில் ஓர் அலமாரி இருக்கலாம்.

என்னிடம் ராஜேஷ்குமாரின் மாத நாவல்கள் 212 இருக்கின்றன. பின்களை நீக்கி நூலால் தைத்து, மாதவாரியாக அடுக்கி, பட்டியலும் எழுதி வைத்திருக்கிறேன். இதழ்ப் பிரிவில் சேர்க்கப்பட மாட்டா என்று ஒரு வரி எழுத்தில் கிடைத்தால், தாங்கள் குறிப்பிடும் நூலகத்துக்கு என் செலவிலேயே கொண்டுவந்து ஒப்படைக்கிறேன். கடைசித் தாள் இல்லாத பிரதியும் அவற்றில் ஒன்று. தங்கள் ஊழியர்கள் கணக்கெடுக்கும்போது எங்காவது அதன் முழுப் பிரதி அகப்பட்டால், 95, 96ஆம் பக்கங்களின் நகல் ஒன்றை மட்டும் எனக்கு அனுப்பிவைக்கக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
மாத நாவல் வாசகர் ஒருவர்