பழைய தோல் தையல் மிஷின்களுக்கு மெக்கானிக் வேண்டும்: பயிற்சித் துறைக்கு ஒரு திறந்த மடல்

தமிழ்நாடு அரசின் வேலைவாய்ப்பு மற்றும் பயிற்சித் துறை உயர் அலுவலர்களுக்கும், வேலூர், இராணிப்பேட்டை, திருப்பத்தூர் மாவட்டங்களின் அரசு தொழிற்பயிற்சி நிலைய முதல்வர்களுக்கும் வணக்கம்.

நான் பேர்ணாம்பட்டில் ஷூ அப்பர் (ஷூவின் மேல்பாகம்) தைத்துக் கொடுக்கும் சிறு பட்டறை ஒன்றை நடத்தி வருகிறேன். ஆம்பூர், வாணியம்பாடி, இராணிப்பேட்டை என்று பழைய வட ஆர்க்காட்டின் தோல் ஊர்கள் எல்லாவற்றிலும் இத்தகைய ஜாப் வொர்க் பட்டறைகள் உண்டு. கம்பெனிகளில் இப்போது சர்வோ மோட்டாரில் ஓடும் புதிய மிஷின்கள் வந்துவிட்டன. எங்களிடம் இருப்பவை அவர்கள் கழித்துவிட்ட, தூண்போல் உயர்ந்த மேடைமேல் தைக்கும் போஸ்ட் மிஷின்களும், அவற்றுக்கும் மூத்த, ஒட்டுத் தையல் போடும் பேட்ச் மிஷின்களும்தான். அவை இன்னும் பல ஆண்டுகள் உழைக்கும். பழுது பார்க்கத் தெரிந்தவர்கள்தான் குறைந்துகொண்டே வருகிறார்கள். வேலூர் மாவட்டம் 2019-இல் மூன்றானது, மெக்கானிக்குகள் மும்மடங்காகவில்லை.

சாலையோரச் செருப்புத் தொழிலாளர் முன்னால் நிற்கும் சிங்கர் 29கே பேட்ச் மிஷினைத் தாங்கள் பார்த்திருப்பீர்கள். அதன் மெல்லிய கை ஷூவின் நுனிவரை உள்ளே போகும். தோலை அழுத்திப் பிடிக்கும் கால்தான் அதை நகர்த்தவும் செய்யும். அந்தக் கால் முழு வட்டமாகத் திரும்புவதால் எந்தத் திசையிலும் தைக்கலாம். இந்த வசதிக்கு ஒரு விலை உண்டு. அடிநூலைச் சுமக்கும் ஷட்டில் கையின் நுனியில் இருப்பதால், அதை ஆட்டும் பற்சட்டம் அந்தக் கைக்குள்ளேயே ஓடுகிறது. பற்கள் தேய்ந்தால் ஆட்டம் கொடுக்கும், ஷட்டில் ஒரு மயிரிழை பிந்தும், தடித்த தோலில் தையல் விட்டுவிட்டு விழும். ஊசியை மாற்றினாலும் நூலை மாற்றினாலும் அது சரியாகாது. எந்தப் பல் தேய்ந்திருக்கிறது, கடைசலில் புதிதாக வெட்ட வேண்டுமா, வேறொரு பழைய மிஷினிலிருந்து கழற்றிப் போட்டால் போதுமா என்று சொல்ல, அந்தக் கையைப் பலமுறை பிரித்துப் பார்த்த ஒருவர் வேண்டும். பெயரில் உள்ள 'கே' என்ற எழுத்துக்குரிய ஸ்காட்லாந்தின் கிளைடுபேங்க் (கில்போவி) தொழிற்சாலை 1980-இல் மூடப்பட்டுவிட்டது. ஆகவே பாகம் கேட்டு அந்தத் தொழிற்சாலைக்கு எழுதிப் போடும் வழியும் இல்லை.

புதிது வாங்கிக்கொள்ளலாமே என்பார்கள். இதே அமைப்பில் சீனாவிலிருந்து வரும் வார்ப்பு மிஷின்கள் விலை மலிவுதான். ஆனால் பெட்டியிலிருந்து எடுத்ததும் பிசிறு தேய்த்து, டைமிங் (ஊசியும் ஷட்டிலும் சந்திக்கும் நேரம்) வைத்துக் கொடுக்க அதே மெக்கானிக்கைத்தான் தேட வேண்டியிருக்கிறது.

எங்கள் பகுதியில் எல்லோரும் நம்பியிருக்கும் மெக்கானிக் பாய் ஒருவர் இருக்கிறார். இப்போது கை நடுங்குவதால் திருப்புளி பிடிப்பதில்லை. சென்ற மாதம் என் போஸ்ட் மிஷின் நூலை அறுத்துக்கொண்டே இருந்தபோது போன் செய்தேன். செல்போனை ஊசித் தகட்டருகே வைத்துச் சக்கரத்தைக் கையால் மெதுவாகச் சுற்றச் சொன்னார். சற்றுநேரம் கேட்டுவிட்டு, "ஹூக் முந்துது தம்பி, ஸ்குருவை லூஸ் பண்ணு" என்றார். ஊசியின் நூலைப் பிடிக்கும் கொக்கிதான் ஹூக். ஊசி அடிமட்டத்திலிருந்து இரண்டு, இரண்டரை மில்லிமீட்டர் மேலேறும் நேரத்தில் ஹூக்கின் முனை ஊசியின் குழிவைக் கடக்க வேண்டும் என்று அளவும் சொல்லித் திருப்ப வைத்தார். அன்று மாலையே வேலை நடந்தது. சொல்லித்தர அவரால் இன்றும் முடிகிறது. முறைப்படி கேட்பதற்குத்தான் மாணவர் இல்லை.

ஏன் இல்லை என்றால், தங்கள் விதிகளில் அவருக்கு இடமில்லை. தொழிற்பயிற்சி நிலையத்தில் பயிற்றுநராகப் பட்டயமோ தொழிற்சான்றிதழோ வேண்டும், அதன்மேல் பயிற்றுநர் பயிற்சிச் சான்றும் கேட்கப்படுகிறது. அவர் படித்ததோ ஐந்தாம் வகுப்பு. பட்டறையிலேயே ஒரு பையனைச் சேர்த்துக்கொள்ளலாம் என்றால், 2019-இல் திருத்தப்பட்ட தொழிற்பழகுநர் விதிகளின்படி நான்கு பேராவது வேலை செய்யும் நிறுவனம்தான் பழகுநரைச் சேர்க்க முடியும். தனியாளாகத் தகரக் கொட்டகையில் உட்கார்ந்திருப்பவர் அந்தக் கணக்கில் வரமாட்டார். எனவே பழகுநர் உதவித்தொகையில் மத்திய அரசு ஏற்கும் கால் பங்கும் அவரிடம் வரும் பையனுக்குக் கிடைக்காது. சம்பளமில்லாமல் ஓரிரு ஆண்டு கற்றுக்கொள் என்று எந்த வீட்டில் சொல்ல முடியும்? பையன்கள் டெலிவரி வேலைக்குப் போகிறார்கள், அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை.

அரசு 71 தொழிற்பயிற்சி நிலையங்களை 2,877 கோடி ரூபாய்த் திட்டத்தில் தொழில் 4.0 என்னும் நவீனத் தொழில்நுட்ப மையங்களாக உயர்த்தியதை வரவேற்கிறேன், ரோபோவும் கணினி வழி இயங்கும் சி.என்.சி. இயந்திரமும் எங்கள் பிள்ளைகளுக்கு வேண்டும். அந்தக் கட்டடங்களிலேயே சனிக்கிழமை மாலைகளில் ஓர் அறையை எங்களுக்குத் திறந்துவிடுங்கள் என்பதே என் வேண்டுகோள். சான்றிதழுக்குப் பதிலாக, பழுதான மிஷின் ஒன்றை முன்னே வைத்து, அதைச் சரிசெய்து காட்டுபவரைக் கௌரவப் பயிற்றுநராக ஏற்று நாள் மதிப்பூதியம் கொடுங்கள். கை நடுங்குபவருக்குப் பக்கத்தில் திருப்புளி பிடிக்க ஓர் இளைஞரை நிறுத்துங்கள், கற்பதும் அவரே. முன்கற்றலை அங்கீகரிக்கும் முறை மத்திய அரசின் திறன் திட்டத்தில் ஏற்கெனவே உண்டு. அதைத் தொழிலாளிக்கு ஒரு தாள் கொடுப்பதோடு நிறுத்தாமல், பயிற்றுநராவதற்கான தகுதியாகவும் ஏற்க முடியுமா என்று பரிசீலிக்க வேண்டும். பழுது பார்க்கும் உரிமை பற்றி 2022-இல் மத்திய நுகர்வோர் துறை குழு அமைத்ததும் நல்லதே. ஆனால் பாகமும் விளக்கக் குறிப்பும் கையில் கிடைத்தாலும் திருப்பத் தெரிந்தவர் வேண்டுமல்லவா?

பயிற்சிக்கு மிஷின் வாங்கப் பணம் ஒதுக்க வேண்டியதில்லை. கம்பெனிகளின் கிடங்குகளில் தூசி படிந்து நிற்பவை எடைக்கு எடை பழைய இரும்புக் கடைக்குப் போகின்றன. துறையிலிருந்து ஒரு கடிதம் போனால் பலர் தருவார்கள். என் பட்டறையில் பற்கள் தேய்ந்து நிற்கும் 29கே ஒன்றை முதலாவதாக நானே தருகிறேன். வேலூர்வரை வண்டி வாடகையும் என் பொறுப்பு. எந்த நிலையத்தில் இறக்க வேண்டும் என்று மட்டும் தெரிவித்தால் போதும்.

இப்படிக்கு,
பேர்ணாம்பட்டு ஜாப் வொர்க் பட்டறை உரிமையாளர் ஒருவர்