டேனியல்ஸ் அணையையும் எடுத்துவிடலாம்

ஆசிரியருக்கு வணக்கம்.

பழைய ஆலை அணைகளை இடிப்பது பற்றி உங்கள் இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். வரலாற்றை அழிக்கிறோமே என்ற வருத்தம் அதில் தெரிந்தது. அமெரிக்காவின் மேரிலாந்தில் படாப்ஸ்கோ ஆற்றுக்குப் பக்கத்தில் வசிக்கும் எனக்கும் அந்த வருத்தம் உண்டு. ஆனாலும் இந்த ஆற்றில் மிச்சமிருக்கும் டேனியல்ஸ் அணையையும் எடுக்கத்தான் வேண்டும் என்பேன்.

இந்த ஆற்றில் யூனியன், சிம்கின்ஸ் அணைகளை 2010 வாக்கில் எடுத்தார்கள். மின்சாரத்துக்காக 1907-ல் கட்டி முடித்த ப்ளோட் அணையை 2018-ல் வெடிவைத்து உடைத்தார்கள். டர்பைன்களை அணையின் வயிற்றுக்குள்ளேயே வைத்துக் கட்டிய அபூர்வமான வேலைப்பாடு அது. ஆனால் 1980-களிலிருந்து குறைந்தது 9 பேர் அங்கே இறந்திருக்கிறார்கள். இப்படிப்பட்ட குட்டை அணைகளில் தண்ணீர் விழுந்ததும் நேரே ஓடிவிடாது, அடியில் புரண்டு மேல்பக்கமாக மறுபடி அணையை நோக்கியே திரும்பும். உள்ளே போனவரை உருட்டிக்கொண்டே இருக்கும், நன்றாக நீந்தத் தெரிந்தவராலும் வெளியே வர முடியாது.

இதை ஏன் இவ்வளவு விரிவாக எழுதுகிறேன் என்றால், மிச்சமிருக்கும் டேனியல்ஸ் அணையைப் பார்த்ததும் என் மகள் "அப்பா, குற்றாலம் மாதிரி இருக்கு, கீழே போய் நிக்கலாமா?" என்று கேட்டாள். கோடையில் அங்கே வரும் நம் குடும்பங்களில் எத்தனை பிள்ளைகள் அப்படிக் கேட்பார்களோ.

அப்புறம் மீன். நம் ஊர் உல்லம் மீனுக்கு உறவான ஷாட், முட்டையிடக் கடலிலிருந்து ஆறேறும். விலாங்கு அட்லாண்டிக்கின் நடுவே உள்ள சர்கஸோ கடலில் பிறந்து, வளர்வதற்காக ஆற்றுக்கு வரும். இங்கே ஆற்றை வடிகட்டும் ஒருவகை மட்டியின் குஞ்சுகள் பெரும்பாலும் விலாங்கின் செவுளைப் பற்றிக்கொண்டுதான் மேலே போய்ப் பரவுகின்றன, ஆக அணை மறித்து விலாங்கு ஏறாவிட்டால் மட்டியும் குறைந்துபோகும். ப்ளோடில் மீன் ஏணி, அதாவது மீன்கள் அணையைத் தாண்டி ஏறிப்போக ஒரு வழி, வைத்துப் பார்த்தார்கள், பெரிய பலன் இல்லை.

சரி, வரலாறு? டேனியல்ஸ் ஒரு துணி ஆலை ஊர். 1968-ல் நிறுவனம் குடியிருந்தவர்களை வெளியேற்றி வீடுகளை இடித்தது, 1972-ல் ஆக்னஸ் புயல் வெள்ளம் ஆலையைச் சிதைத்தது. காட்டுக்குள் ஒரு பழைய தேவாலயத்தின் கல் சுவர்கள் நிற்கின்றன. அந்த ஊரின் நினைவு ஆற்றின் குறுக்கே நிற்கும் சுவரில் மட்டுமா இருக்கிறது? பத்து வயதில் அங்கிருந்து கிளம்பியவருக்கு இன்று எழுபதை நெருங்கும். அவர்களிடம் போய்க் கேட்டுப் பதிவு செய்வதுதான் முதலில் நடக்க வேண்டும். இரண்டு கரையிலும் அணையின் முனைகளை அப்படியே விட்டு, நடுப்பகுதியை மட்டும் எடுக்கலாம்.

அவசரப்படவும் கூடாது. சிம்கின்ஸை எடுத்தபோது அதன் பின்னால் தேங்கியிருந்த மணல் கீழே ப்ளோடில் போய்ச் சேர்ந்தது. டேனியல்ஸுக்குக் கீழே எல்லிகாட் சிட்டி இருக்கிறது, 2016-லும் 2018-லும் வெள்ளத்தில் சீரழிந்த ஊர். அந்த வெள்ளம் ஓடைகள் வழியாக வந்ததுதான் என்றாலும், மணலில் என்ன கலந்திருக்கிறது, எங்கே போய்த் தங்கும் என்று பார்த்துவிட்டே கைவைக்க வேண்டும். அணைக்கு மேலே உள்ள அமைதியான தண்ணீரில் நானும் மகளும் துடுப்புப் போட்டிருக்கிறோம், அது போய்விடும். போகட்டும்.

அதுவரை அங்கே போகிறவர்கள் தயவுசெய்து அணையின் அடிவாரத்தில் பிள்ளைகளை இறக்காதீர்கள். தண்ணீர் முழங்கால் அளவு தெரிந்தாலும் வேண்டாம்.

இப்படிக்கு,
ஒரு வாசகர், மேரிலாந்து