அலையாத்தி காட்டுல கட்டுன தூளி

கண்ணு, கடலோர அலையாத்தி காட்டுல ஆராய்ச்சி வேலைக்கு உன் புள்ளையையும் கூட்டிட்டு போகலாமான்னு நேத்து நீ போன்ல கேட்டப்ப சரியா பதில் சொல்ல முடியல, உங்கப்பா பக்கத்துல நின்னுகிட்டு அஞ்சு மாச புள்ளைய யாராவது சேத்துக்குள்ள தூக்கிட்டு போவாங்களான்னு சத்தம் போட்டுகிட்டே இருந்தாரு, அதான் எழுதுறேன். கூட்டிட்டு போ. 1997 மாசி மாசம் முத்துப்பேட்டைக்கு உன்னை தூக்கிட்டு போனப்ப உனக்கும் அஞ்சு மாசம்தான்.

ஆனா தனியா போகாத. எனக்கு உங்க அப்பாயி வந்தாங்க. கோரையாத்து ஓரம் பிளாட்டுன்னா, அதாவது எண்ணுறதுக்குன்னு அளந்து வெச்ச இடத்துல வேலைன்னா, ரெண்டு அலையாத்தி மரத்துக்கு நடுவுல பழைய நூல் சேலைய தூளியா கட்டி மேல கொசுவலைய போட்டுருவோம், கீழ சேத்துல மூச்சு வேரெல்லாம் பென்சில் நட்டு வெச்ச மாதிரி நிக்கும், நான் ஒரு மீட்டர் சட்டத்தை வெச்சு அதை எண்ணுவேன், பாதியில நீ அழுவ, திரும்ப முதல்லேருந்து எண்ணுவேன். என் நோட்டுல ஓரத்துல பூரா பால் குடுத்த நேரம்தான் இருக்கும்.

தூளி கட்டுறதுக்கு முன்னாடி மரத்தை நல்லா பாரு. தில்லை மரமா இருந்தா கிட்டயே போகாத, கிளை ஒடிஞ்சா வர்ற பால் கண்ணுல பட்டா பார்வைக்கே ஆபத்து. அலையாத்தி பரவால்ல, அது உப்பை இலை வழியா வெளிய தள்ளும், இலை மேல வெள்ளையா பூத்து நிக்கும். ஒரு நாள் நான் அசந்த நேரத்துல நீ ஒரு இலைய புடிச்சு வாயில வெச்சுட்ட, மூஞ்சி அப்படியே சுருங்கி போச்சு, ஒரு வயசு வரைக்கும் புள்ளைக்கு உப்பே காட்டக்கூடாதுன்னு அப்பாயி அன்னைக்கு பூரா என்னை திட்டுனாங்க.

படகுல ஏத்தாத. புள்ள சைஸ்ல லைஃப் ஜாக்கெட் அங்க கிடைக்காது. லகூனுக்கு, அதான் காயலுக்கு, போற அன்னைக்கு நீ கரையில அப்பாயிகிட்டதான் இருப்ப. ஒரு தடவை வத்தத்துல, கடல் தண்ணி இறங்குற நேரத்துல, படகு சேத்துல உக்காந்துடுச்சு, ரெண்டு மணி நேரம், மாரு கட்டி ஜாக்கெட்டெல்லாம் நனைஞ்சு போச்சு, நீ கரையில அழுது அழுது தொண்டை கட்டி கெடந்த. அதுக்கப்புறம் ஏத்தம் வத்தம் கேக்காம படகு ஏறுனதே இல்ல.

12 பிளாட் போட நினைச்சு 7தான் முடிச்சேன். குழந்தையா ஆராய்ச்சியான்னு முடிவு பண்ணிக்கம்மான்னு ஒரு பெரியவர் சொன்னாரு, இப்ப நினைச்சாலும் வலிக்குது. அந்த 7 பிளாட்டுலயும் ஒரு எண்ணிக்கை கூட தப்பில்ல கண்ணு. நீயும் பிளாட்டை பாதியா குறைச்சுக்க, பால் குடுக்குற நேரத்தை முதல்ல எழுதிட்டு மிச்ச நேரத்துல வேலைய வை. தாய்ப்பால்தான்ங்குறதால புள்ளைக்கு தனியா தண்ணி வேணாம், நீ நிறைய குடி.

அந்த சேலைய பீரோலேருந்து எடுத்து துவைச்சு காய போட்டுருக்கேன். எந்த தேதின்னு சொல்லு, நான் திருத்துறைப்பூண்டி பஸ் ஸ்டாண்டுல வந்து நிக்கிறேன்.