இரண்டாவது செய்தி எங்கே?

மதுரையில் ஏரியாவுக்கு ஏரியா செய்திப் பக்கமும் வாட்ஸ்அப் குழுவும் நடத்தும் தம்பிகளுக்கும் தங்கச்சிகளுக்கும்,

வணக்கம். செல்லூர்க்காரன் எழுதுகிறேன். முதலில் ஒரு நன்றிக்கடன். 2024 அக்டோபர் 25 அன்று கொட்டிய மழையை எங்கள் பக்கம் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். செல்லூர் கண்மாய் நிறைந்து, பந்தல்குடி வாய்க்கால் வழிந்து, தெருவெல்லாம் தண்ணீர். பேப்பரில் படம் மறுநாள் காலையில்தான் வந்தது. எந்தத் தெருவில் முழங்கால் அளவு, எந்தச் சந்தில் வண்டி போகும் என்று அன்று ராத்திரியே சொன்னது உங்கள் ஆட்கள்தான். கரண்ட் இல்லாத வீட்டில், செல்போனில் மிச்சமிருந்த சார்ஜை உங்கள் வீடியோவுக்கே செலவழித்தேன்.

சரி, இப்போது குறை. தண்ணீர் வடிந்ததும் நீங்களும் வடிந்துவிட்டீர்கள். வாய்க்காலை எதுவரை தூர்வாரினார்கள், டெண்டர் யாருக்கு, அடுத்த மழைக்குத் தாங்குமா என்று சொல்லும் வீடியோ ஒன்றும் என் கண்ணில் படவில்லை. ரோட்டில் பள்ளம் என்பது முதல் செய்தி. அதை மூடினார்களா, கொட்டிய மண் எத்தனை நாள் நின்றது என்பது இரண்டாவது செய்தி. பெரிய பத்திரிகை நிருபருக்கு மாநகராட்சியின் 100 வார்டும் இருக்கிறது; நம்ம சந்துக்கு மறுபடி வர அவருக்கு ஏது நேரம்? உங்களுக்கோ வீடே அங்கேதான்.

வேகத்தால் வரும் வம்பையும் சொல்ல வேண்டும். ஒரு மழைக்காலத்தில் ‘வைகை அணை திறந்தாச்சு, கரையோரம் காலி பண்ணுங்க’ என்று ஒரு குழுவில் வீடியோ வந்தது. வைகைக் கரையோரம் ஆழ்வார்புரத்தில் இருக்கும் என் அத்தை அரிசி மூட்டையை மாடிக்கு இழுத்து, ஒரு வாரம் இடுப்பைப் பிடித்துக்கொண்டு கிடந்தார். விசாரித்தால் வீடியோ ஏதோ பழைய வருஷத்தது. அன்று அணையிலிருந்து கொடுத்தது முதல் வெள்ள எச்சரிக்கை மட்டும். வைகை அணையின் முழு நீர்மட்டம் 71 அடி. 66 அடியில் முதல் எச்சரிக்கை, 68.5-ல் இரண்டாவது, 69-ல் மூன்றாவது. இந்த மூன்று எண்ணையும் உங்கள் பக்கத்தின் மேலேயே ஒட்டி வைத்து, இன்று எத்தனை அடி என்று போட்டாலே போதும். அத்தை அரிசி மூட்டையைத் தொட்டிருக்க மாட்டார்.

கவுன்சிலருக்குப் பிறந்தநாள் வாழ்த்துப் போட்டுக் காசு வாங்குவதை நான் தப்பு சொல்லவில்லை. ரீசார்ஜ் சும்மா வருமா? ஆனால் அது விளம்பரம் என்று ஒரு வரி சேருங்கள். அப்புறம் அதே கவுன்சிலரின் வார்டில் சாக்கடை பொங்கினால் அதையும் போடுங்கள்.

விடாமல் பின்தொடர்ந்தால் என்ன நடக்கும் என்று மேலூர் பக்கம் கேளுங்கள். 2024 நவம்பரில் டங்ஸ்டன் என்ற உலோகம் எடுக்கும் சுரங்கத்துக்கான ஏலச் செய்தி வெளியானபோது, அந்த ஏலப் பகுதியில் வரும் அரிட்டாபட்டி கிராமம் எங்கே என்று வெளியூரில் பலருக்குத் தெரியாது. கிராம சபைத் தீர்மானங்கள், கடையடைப்பு, மதுரைக்கு வந்த பேரணி என ஒவ்வொன்றையும் ஊர்க்காரர்களின் செல்போன்கள் வெளியே கொண்டுவந்தன. 2025 ஜனவரியில் ஏலம் ரத்தானது. செல்போன் மட்டும் இதைச் சாதித்தது என்று சொல்ல மாட்டேன், பேரணியில் நடந்தது சனங்கள்தான். ஆனால் மூன்று மாதமும் செய்தி ஆறிப்போகவில்லை.

நமக்கும் வழி இருக்கிறது. 2022 நவம்பர் முதல் நகரத்திலும், கிராம சபை மாதிரி வார்டு மக்கள் கூடிக் குறைகளைக் கேட்கும் ஏரியா சபை வந்திருக்கிறது. அங்கே போய் உட்கார்ந்து, யார் என்ன கேட்டார், என்ன பதில் கிடைத்தது என்று எழுதுங்கள். பதில் மழுப்பலாக இருந்தால் தகவல் உரிமைச் சட்டத்தில் மனுப் போடுங்கள். பத்து ரூபாய்தான், 30 நாளில் பதில் தர வேண்டும். வந்த பதிலை அப்படியே போட்டோ எடுத்துப் பக்கத்தில் ஏற்றுங்கள்.

எங்கள் வார்டில் அடுத்த ஏரியா சபைக்கு உங்களில் யாராவது வருவதாக இருந்தால் முன்கூட்டிச் சொல்லுங்கள். பந்தல்குடி வாய்க்கால் பற்றிய முதல் கேள்வியை நானே கேட்கிறேன். முன்வரிசையில் உங்களுக்கும் ஒரு நாற்காலி பிடித்து வைக்கிறேன்.

இப்படிக்கு,
செல்லூரிலிருந்து ஒரு வாசகன்