குழாயடிக்கு மேலாகச் செல்லும் 132 கிலோவோல்ட் மின்பாதையை ரோபோ மூலம் பரிசோதிக்கக் கோரும் மனு

பிரதம பொறியியலாளர் அவர்கள்,
மின்கடத்தல் பாதைப் பராமரிப்புப் பிரிவு,
கொழும்பு.

மதிப்புக்குரிய ஐயா,

கொலன்னாவைக்கும் வெல்லம்பிட்டிக்கும் இடையில், களனி ஆற்றுப் பக்கமாகத் தாழ்ந்து கிடக்கும் எங்கள் தோட்டக் குடியிருப்பு தாங்கள் அறியாத இடமன்று. 2016 மே மாத வெள்ளத்தில் எங்கள் ஒழுங்கைகளில் படகு ஓடியதையும், தலைக்கு மேலே கம்பி இருக்கிறது, துடுப்பை உயர்த்தாதீர்கள் என்று மாடிகளில் நின்றவர்கள் கூவியதையும் அன்று மீட்புப் பணிக்கு வந்த அரச உத்தியோகத்தர்கள் நேரில் கண்டார்கள். கம்பி முதலில் வந்ததா, வீடுகள் முதலில் வந்தனவா என்ற பழைய வாதத்தை நாங்கள் இங்கே எழுப்பவில்லை. இரண்டும் எங்கள் பிள்ளைகள் பிறப்பதற்கு முன்பே வந்துவிட்டன. முன்னர் அனுப்பிய மனுக்களுக்கு மறுமொழி கிடைக்காத காரணத்தினால், பின்வரும் விடயங்களை மீண்டும் தங்கள் மேலான கவனத்துக்குக் கொண்டு வருகின்றோம்.

1. எங்கள் முறைப்பாடுகள் கிராம உத்தியோகத்தர் ஊடாகவும் பதிவுத் தபாலிலும் அனுப்பப்பட்டன. தொலைபேசியில் விசாரித்தபோது, கம்பியைத் தாங்கும் கோபுரத்தின் இலக்கத்தைக் கூறாமல் முறைப்பாட்டைப் பதிய இயலாது என்று கூறப்பட்டது. கோபுரத்தில் உள்ள இலக்கத் தகடு துருப்பிடித்து எழுத்து அழிந்து போய்விட்டது என்பதும் எங்கள் முறைப்பாடுகளில் ஒன்று என்பதைத் தாழ்மையுடன் தெரிவித்துக்கொள்கின்றோம்.

2. ஒரு தொழில்நுட்ப உத்தியோகத்தர் வந்தார். வெயில் உச்சியில் இருந்த நேரத்தில் வந்து, கீழே நின்று தொலைநோக்கியால் பார்த்து, குறைபாடு எதுவும் அவதானிக்கப்படவில்லை என்று எழுதிக்கொண்டு சென்றார். அவரை நாங்கள் குறை கூறவில்லை. கீழே நின்று பார்ப்பவர் எவராயினும் அதைத்தான் எழுதியிருப்பார். கம்பியின் வெளிப்புறத்தில் மின்சாரத்தைக் கொண்டு செல்லும் அலுமினிய இழைகள் இருக்கின்றன. பாரத்தைத் தாங்கும் உருக்கு இழைகள் உள்ளே இருக்கின்றன. உருக்கின் மேல் உள்ள துத்தநாகப் பூச்சு தேய்ந்து உள்ளே துரு பிடித்தாலும் வெளியே அலுமினியம் பளபளப்பாகவே தெரியும். இரண்டு கம்பித் துண்டுகளை அழுத்திப் பொருத்திய இணைப்பு உள்ளே தளர்ந்து சூடேறுவதும் வெறுங்கண்ணுக்குப் புலப்படாது. தாங்கள் இத்துறையில் கற்றுத் தேர்ந்தவர். தங்களுக்கு இதைச் சொல்லித்தர நாங்கள் முற்படவில்லை. எங்கள் தோட்டத்திலும் மின்வேலை செய்யும் பிள்ளைகள் இருக்கிறார்கள் என்பதற்காகவே எழுதுகின்றோம்.

3. எங்களை மிகவும் வருத்துவது குழாயடிதான். தோட்டத்துக்குள் பல வீடுகளுக்குத் தனிக் குழாய் இல்லை. அந்த வீட்டாருக்கெல்லாம் இருப்பது ஒரே பொதுக் குழாய். அது கோபுரத்திலிருந்து சற்றுத் தள்ளி, எங்கள் தலைக்கு மேலுள்ள கம்பியில் இருக்கும் அத்தகைய இணைப்பொன்றுக்கு நேர் கீழே, சீமெந்துத் திட்டின் மேல் இருக்கிறது. பகலில் அதில் நூல் போலத்தான் தண்ணீர் ஒழுகும். விடியற்காலை மூன்றரை மணியிலிருந்து ஐந்து மணி வரைதான் வேகம் இருக்கும். ஆகையால் பெண்களும் பாடசாலைப் பிள்ளைகளும் அந்த நேரத்தில்தான் வாளிகளுடன் வரிசையில் நிற்கிறார்கள். கம்பியைக் கோபுரத்தில் மின்சாரம் பாயாமல் தாங்கி நிற்கும் காவலிகள் இரையத் தொடங்குவதும் அதே நேரத்தில்தான். அவற்றின் மேல் படிந்திருக்கும் தெருப்புழுதியும் கடற்காற்றின் உப்பும் பனி ஈரத்தில் நனைந்ததும் சடசடவென்று சத்தம் எழும். சில நாட்களில் ஊதா நிறத்தில் ஒளி ஓடுவதும் தெரியும். பெருமழை கொட்டினால் அழுக்குக் கழுவுண்டு சத்தம் அடங்கிவிடுகிறது. தூறலும் பனியும்தான் எங்களுக்கு எமன். சத்தம் கேட்டதும் சின்னப் பிள்ளைகள் வெறும் வாளியைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு வரிசையிலேயே நிற்கிறார்கள். வரிசையை விட்டு ஓடினால் அன்றைக்குத் தண்ணீர் இல்லை என்று அவர்களுக்குத் தெரியும். பிளாஸ்டிக் வாளி எதைத் தடுக்கும், ஐயா? பெற்றவர்களுக்கு இது தெரியாதா? தெரிந்துதான் அனுப்புகிறோம், ஏனென்றால் காலையில் உலை வைக்கவும் பிள்ளையைக் குளிப்பாட்டவும் வேறு வழியில்லை. இத்துடன், வெயில் ஏறி மின்பாவனையும் கூடும் மத்தியான வேளைகளில் மூன்று கம்பிகளில் அந்த இணைப்பு உள்ள கம்பி மட்டும் மற்ற இரண்டையும் விடத் தாழ்ந்து வருவதை நாங்கள் எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்கிறோம். கம்பி அறுந்தால் பாதுகாப்புக் கருவி கணப்பொழுதில் மின்சாரத்தைத் துண்டித்துவிடும் என்று தொலைபேசியில் ஆறுதல் கூறினார்கள். ஈரச் சீமெந்தில் வெறுங்காலுடன் நிற்பவருக்கு அந்தக் கணப்பொழுது எவ்வளவு நீளம் என்பதைக் கூறியவர் சிந்தித்தாரா என்று தெரியவில்லை.

4. குழாயையாவது நகர்த்தித் தாருங்கள் என்று கேட்டோம். அது நீர் வழங்கலுக்குரிய விடயம் என்றார்கள். அங்கே சென்றால், உயர் அழுத்தக் கம்பிக்குக் கீழே தோண்டுவதற்கு மின்சாரப் பக்கத்தின் அனுமதி வேண்டும் என்றார்கள். அனுமதி கேட்டால் கோபுர இலக்கம் கேட்கிறார்கள்.

5. கோபுரத்தில் ஏறி, கம்பி வழியே ஆட்களை அனுப்பிப் பரிசோதிப்பதாயின் மின்பாதையை நிறுத்த வேண்டும், கொழும்புக்குச் செல்லும் மின்சாரத்தை அவ்வாறு நிறுத்த இயலாது என்பதே எங்களுக்குக் கிடைத்த ஒரேயொரு தெளிவான காரணம். அந்தக் காரணத்தை ஏற்றுக்கொண்டுதான் ரோபோவைக் கேட்கின்றோம். 1998 ஜனவரியில் கனடாவின் கியூபெக் மாகாணத்தில் உறைமழை பெய்து கோபுரங்கள் வரிசையாகச் சரிந்த பின்னர், அங்குள்ள ஹைட்ரோ-கியூபெக் நிறுவனத்தின் ஆராய்ச்சி நிலையம் முதலில் கம்பியில் படியும் பனிக்கட்டியை அகற்றும் சிறு வண்டியொன்றையும், பிறகு லைன்ஸ்கவுட் என்னும் பரிசோதனை ரோபோவையும் உருவாக்கியது. அது சக்கரங்களால் கம்பியைப் பற்றிக்கொண்டு, காவலித் தொங்கல், அதிர்வுத் தணிப்பான் போன்ற தடைகளைத் தாண்டிச் செல்கிறது. மின்சாரம் ஓடிக்கொண்டிருக்கும் 735 கிலோவோல்ட் பாதையிலேயே வேலை செய்கிறது. எங்கள் தலைக்கு மேல் இருப்பது 132 மட்டுமே. கமராவால் இழைகளை நெருங்கிப் பார்ப்பதுடன், இணைப்பின் மின்தடையையும் அளக்கிறது. அதே நிலையம் உருவாக்கிய இன்னொரு கருவி பறந்து வந்து கம்பியில் அமர்ந்து உருண்டு, உள்ளே இருக்கும் உருக்கின் துத்தநாகப் பூச்சு எவ்வளவு மிஞ்சியிருக்கிறது என்பதை உணர்த்துகிறது. ஜப்பானிலும் கன்சாய் மின்சார நிறுவனத்துடன் சேர்ந்து எக்ஸ்ப்ளைனர் என்ற ரோபோவைச் செய்திருக்கிறார்கள். பாதையை நிறுத்தவும் முடியாது, கீழிருந்து பார்த்தால் தெரியவும் தெரியாது என்றால், மேலே சென்று பார்க்கக்கூடிய கருவியைக் கேட்பதில் என்ன பிழை?

6. செலவு அதிகம் என்று கூறப்படலாம். 2025 பெப்ரவரி 9ஆம் திகதி நாடு முழுவதும் மின்சாரம் நின்றபோது, பாணந்துறை உபநிலையத்தில் ஒரு குரங்கு பட்டதே காரணம் என்று அமைச்சரே கூறினார். அன்றைய ஒரு நாளில் நாட்டுக்கு ஏற்பட்ட செலவை யார் கணக்கிட்டார்கள்? மீதொட்டமுல்லக் குப்பை மேடும் எங்களுக்கு அருகில்தான். அது ஆபத்தானது என்று அங்குள்ள மக்கள் வீதியில் இறங்கிக் கத்தினார்கள். 2017 ஏப்ரல் 14ஆம் திகதி, புத்தாண்டு நாளில், அது வீடுகளின் மேல் சரிந்தது. அதற்குப் பிறகு ஆணைக்குழு, அறிக்கை, நட்டஈடு எல்லாம் வந்தன. எங்களுக்கு நட்டஈடு வேண்டாம், ஐயா. முன்கூட்டியே வந்து பார்த்தால் போதும்.

7. இந்த மின்பாதை கடைசியாக எப்போது முறையாகப் பரிசோதிக்கப்பட்டது என்று கேட்டதற்கும் பதில் இல்லை. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவலுக்கான உரிமைச் சட்டத்தின் கீழ் அதைக் கேட்டுப் பெறலாம் என்பதை அறிவோம். அந்த வழியில் செல்லாமலே தாங்கள் தெரிவிப்பீர்கள் என்று நம்புகின்றோம்.

ஆகையால் ஐயா, எங்கள் தோட்டத்தைக் கடக்கும் அந்த ஒரு கோபுர இடைவெளியை மட்டுமாவது ரோபோ மூலமோ, அது உடனடியாகக் கிடைக்காவிடின் வெப்பக் கமரா பொருத்திய ட்ரோன் மூலமோ, ஒக்டோபர் மாத இடிமழை தொடங்குமுன் பரிசோதித்து, அந்த இணைப்பின் நிலையைப் பற்றிய அறிக்கையின் பிரதியொன்றைத் தமிழிலும் சிங்களத்திலும் எங்களுக்குத் தந்துதவுமாறு வேண்டுகின்றோம். காவலிகளைக் கழுவித் தாருங்கள். இலக்கத் தகட்டைப் புதிதாகப் பொருத்தித் தாருங்கள். அடுத்த முறைப்பாட்டையாவது பதிந்துகொள்வார்கள். பரிசோதனை முடியும் வரை குழாயைக் கம்பிக்கு வெளியே நகர்த்துவதற்கான அனுமதிக் கடிதத்தை உடனே வழங்குமாறு மன்றாடுகின்றோம். குழி தோண்டும் கூலியைத் தோட்டத்தார் ஏற்றுக்கொள்வோம். மின்சாரத்தை நிறுத்தித்தான் பார்க்க வேண்டும் என்றாலும் நிறுத்துங்கள், இருட்டில் இருக்கச் சம்மதம்.

தங்கள் பிரிவிலிருந்து யாரையாவது அனுப்புவதாயின், தயவுசெய்து நண்பகலில் அனுப்ப வேண்டாம். விடியற்காலை நான்கு மணிக்கு, தூறல் உள்ள ஒரு நாளில் வரச் சொல்லுங்கள். எந்தக் கோபுரம் என்று இலக்கம் சொல்லாமலே அவருக்கு விளங்கிவிடும்.

இங்ஙனம்,
தங்கள் உண்மையுள்ள,
தோட்டக் குடியிருப்பாளர்கள்
(கையொப்பங்கள் இணைக்கப்பட்டுள்ளன)

பிரதிகள்: பிரதேச செயலாளர் அவர்கள், கிராம உத்தியோகத்தர் அவர்கள்