கிறிஸ்மஸுக்கு வராத காரணம்

அன்பு மகளுக்கு,

கர்த்தருக்கு ஸ்தோத்திரம். நானும் அப்பாவும் சுகம். "கிறிஸ்மஸுக்குக்கூட வர முடியாமல் அங்கே அப்படி என்னதான் வேலை?" என்று உன் அத்தை போனில் கேட்டார்கள். நான் பதில் சொல்வதற்குள் சிக்னல் போய்விட்டது. அவர்களுக்கும் சேர்த்து இதை எழுதுகிறேன், வாசித்துக் காட்டு.

நம்ம ஊர் மிஷனரி கூட்டங்களில் இத்தனை கிராமம், இத்தனை ஞானஸ்நானம் என்று படம் போட்டுக் காட்டுவார்கள். அதைப் பார்த்துப் பழகியவர்கள் இப்படிக் கேட்பதில் தப்பில்லை. இங்கே முக்கால்வாசி நாள் நடப்பது படம் எடுக்கிற மாதிரி இருக்காது.

நாங்கள் இருக்கிற ஜார்க்கண்ட் மாநிலத்து லிட்டிபாரா வட்டாரத்தில் காலா அசார் காய்ச்சல் லேசில் போகிறதாக இல்லை. 2022-இல் மற்ற வட்டாரங்களெல்லாம் வருஷத்துக்குப் பத்தாயிரம் பேருக்கு ஒரு நோயாளி என்ற கணக்குக்குக் கீழே வந்துவிட்டன. நாட்டிலேயே பாக்கி நின்றது இது ஒன்றுதான். மணல் ஈ கடித்து வருகிற நோய். கொசுவைவிடச் சின்னது, மண்சுவர் வெடிப்பிலும் மாட்டுக்கொட்டகை ஈரத்திலும் ஒண்டியிருக்கும். யாருக்காவது இரண்டு வாரத்துக்கு மேல் காய்ச்சல் என்றால், இடது விலாவுக்குக் கீழே கைவைத்துப் பார்ப்பேன். மண்ணீரல் வீங்கியிருந்தால் கையில் தட்டுப்படும். அரசு ஆஸ்பத்திரியில் வைத்தியம் இலவசம், ஒரே நாள் டிரிப்ஸில் முடிந்துவிடும். ஆளை மலையிலிருந்து இறக்குவதுதான் பாடு. கயிற்றுக்கட்டிலைக் கம்பில் கட்டி நாலு பேர் தூக்க வேண்டும்.

அதோடு தீர்ந்தால் பரவாயில்லை. குணமான சிலருக்கு மாதக்கணக்கிலோ வருஷக்கணக்கிலோ கழித்து முகத்தில் தேமல் மாதிரி வெளுக்கும். வலியில்லை, காய்ச்சலில்லை. ஆனால் கிருமி அந்தத் தோலில் உட்கார்ந்திருக்கிறது. அவரைக் கடித்த ஈ பக்கத்து வீட்டுப் பிள்ளையைக் கடித்தால் போச்சு. இதற்கு 12 வாரம் விடாமல் மாத்திரை சாப்பிட வேண்டும்.

மேல் டோலாவில், அதாவது மேல் குடியிருப்பில், பஹாடியா என்கிற மலைவாழ் பழங்குடிப் பையன் ஒருவனுக்கு இப்போது அதுதான் ஓடுகிறது. "நன்றாகத்தானே இருக்கிறேன், எனக்கு எதற்கு மாத்திரை?" என்று தினமும் கேட்கிறான். வெறும் வயிற்றில் விழுங்கினால் வாந்தி வரும். அதனால் அவன் மக்காச்சோளக் கூழைக் குடித்து முடிக்கும்வரை பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பேன். அப்புறம் கண்ணைப் பார்ப்பேன். கண் சிவந்தால் மாத்திரையை நிறுத்திவிட்டு உடனே டாக்டரிடம் கூட்டிப்போக வேண்டும். இது காராமணியைச் சந்தைக்குச் சுமக்கிற காலம் வேறு. விதைக்குக் கடன் கொடுத்த மகாஜன் வைத்ததுதான் விலை. அந்தக் கோபத்தோடு வீடு திரும்புகிறவனிடம் மாத்திரையை நீட்டுவதற்கு நான் வேதாகமக் கல்லூரியில் படித்தது எதுவும் உதவவில்லை. அவன் பாட்டியோடு சேர்ந்து காராமணி உரித்ததுதான் உதவியது.

அந்த வீட்டார் இன்னும் சபைக்கு வருகிறவர்கள் இல்லை. வரச்சொல்லி நான் கேட்டதும் இல்லை. ஆசைகாட்டி மதம் மாற்றக்கூடாது என்று இந்த மாநிலத்தில் 2017-இல் வந்த சட்டம் ஒருபுறம் இருக்கட்டும். மாத்திரையைக் காட்டி ஆள் சேர்ப்பது எனக்கே ஒப்பாது. ஞாயிற்றுக்கிழமை ஆராதனை தனி. வருகிறவர்கள் பஹாடியாக்களின் மால்தோ மொழியில் பாடுவார்கள். நம்ம ஊரில் பிடியரிசி எடுத்துவைப்பதுபோல இவர்கள் ஒரு பிடி மக்காச்சோளத்தை முந்தானையில் முடிந்துகொண்டு வருவார்கள். அரசாங்கம் வீட்டுக்கு மாதம் 35 கிலோ அரிசி கொடுத்தும் காணிக்கைக்கு வருவது மக்காச்சோளம்தான். தாங்கள் விளைவித்ததைத்தான் கொடுப்போம் என்கிறார்கள்.

ஹாஸ்டலில் இருந்தபோது, "என்னை விட்டுவிட்டு யாருக்கும்மா மருந்து கொடுக்கிறீங்க?" என்று ஒருதரம் கேட்டாய். அதற்கு என்னிடம் இன்றைக்கும் சரியான பதில் இல்லை. நீ கேட்டது நியாயம்தான் என்று மட்டும் சொல்வேன்.

பையனுக்கு ஜனவரி இரண்டாம் வாரம் மாத்திரை முடிகிறது. அதற்கு அடுத்த வாரம் ஷாலிமார் ஸ்டேஷனிலிருந்து கோரமண்டல் ரயிலில் இரண்டு டிக்கெட் போட்டுவிடு. அப்பாவுக்கு முழங்கால் வலி, கீழ் பெர்த் கிடைக்குமா பார். அத்தைக்கு எங்கள் ஸ்தோத்திரம் சொல்லு. அச்சு முறுக்கு சுட்டால் எங்களுக்கும் கொஞ்சம் எடுத்து வை.

அன்புடன்,
அம்மா